மஞ்சள் வரி போட்ட சின்ன வண்டு: காப்பித் தண்டுத் துளைப்பானா, வேறா?

மிளகுக்கொடி_ஏற்காடு
எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் அராபிகா காப்பி இருக்கிறது, நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கில் மிளகு ஏற்றியிருக்கிறோம். இன்று காலை வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு வண்டு விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது, முதலில் குளவி என்றுதான் நினைத்தேன். நீளம் ஒன்றேகால் சென்டிமீட்டர் இருக்கும், ஒல்லியான உடம்பு, மஞ்சளில் கறுப்பு வரிகள். பிடித்து பாட்டிலில் போட்டால் கிறீச் கிறீச்சென்று மெல்லிசாகச் சத்தம் வேறு போடுகிறது. அப்பா பார்த்ததுமே காப்பித் தண்டைக் குடைகிற தண்டுத் துளைப்பான் என்று சொல்லிவிட்டார், ஏப்ரல் மாதம் அது பறக்கிற நேரம் என்பதால் வீட்டில் ஒரே கவலை. ஆனால் அது நீளக்கொம்பு வண்டு வகை, அதற்குக் கொம்பு (உணர்கொம்பு) உடம்பைவிட நீளமாக இருக்குமே? இதற்கு உடம்பில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வருகிறது. ஜன்னலுக்கு மேலே போன வருடம் மாட்டிய மூங்கில் தட்டி ஒன்றும் இருக்கிறது. படம் போட்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வண்டுநோக்கி
படம் தெளிவாக இருக்கிறது, நன்றி. இது நீளக்கொம்பு வண்டுதான், ஆனால் காப்பிச் செடியைத் துளைக்கிற வண்டு இல்லை. குளோரோஃபோரஸ் அன்னுலாரிஸ், காய்ந்த மூங்கிலைத் துளைக்கிற வண்டு.

கொம்பை வைத்துக் குழம்ப வேண்டாம். இந்தக் குடும்பத்தில் குளவி வேஷம் போடுகிற ஒரு கூட்டம் உண்டு, அவற்றுக்கெல்லாம் கொம்பு குட்டைதான், ஓட்டமும் குளவி மாதிரியே இருக்கும். உங்கள் வண்டும் காப்பித் துளைப்பானும் (சைலோட்ரெக்கஸ் குவாட்ரிபெஸ்) இரண்டுமே அந்தக் கூட்டம், அதனால்தான் அப்பாவுக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. கொம்பின் அடியைப் பாருங்கள், கண் அந்த இடத்தில் உள்வாங்கி, கொம்பைச் சுற்றி வளைந்திருக்கும். நீளக்கொம்பு வண்டு என்று சொல்ல அது நல்ல அடையாளம். சத்தம், கழுத்துப் பகுதியை முதுகோடு உரசுவதால் வருவது, பெரும்பாலான நீளக்கொம்பு வண்டுகள் பிடித்தால் அப்படித்தான் கத்தும்.

நிறத்தை நம்பாதீர்கள், அந்த மஞ்சள் மயிர்ப்பூச்சு, வயதான வண்டில் உரசி உதிர்ந்துவிடும். கோலத்தைப் பாருங்கள். உங்கள் படத்தில் இறக்கையின் தோள்பக்கம் கறுப்பு வளையம், நடுவில் குறுக்காக ஒரு பட்டை, நுனிக்கு முன்னால் ஒரு புள்ளி. காப்பித் துளைப்பான் அடிநிறமே கறுப்பு, மேலே வெளுத்த கோடுகள், நடு முதுகில் அவை தலைகீழ் ‘வி’ மாதிரி இறங்கும். கையில் லென்ஸ் இருந்தால் முகத்தையும் பாருங்கள், காப்பித் துளைப்பானுக்கு நெற்றியில் மேடான வரிகள் இருக்கும், இதற்கு இருக்காது.

மூங்கில்பட்டறை
அண்ணா சொன்னது சரி, எங்கள் பட்டறையில் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. தட்டியைக் கழற்றி வெயிலில் வைத்துப் பாருங்கள். மூங்கிலில் விழுவது இரண்டு விதம். கடுகு மாதிரி சின்ன ஓட்டை, தட்டினால் மாவு கொட்டுகிறது என்றால் அது வேறு, மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள உளுவண்டு. இந்த மஞ்சள் வண்டின் புழு அப்படிக் காட்டிக்கொடுக்காது, மூங்கில் சுவருக்குள்ளேயே நீளவாக்கில் தின்றுகொண்டு போகும், மாவை வெளியே தள்ளாமல் பின்னாலேயே கெட்டியாக அடைத்துவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி உடையும். வண்டு வெளியேறின பிறகுதான் ஓட்டையே தெரியும்.

விடலை மூங்கிலை வெட்டி, நீரில் ஊறப்போடாமல் அப்படியே பின்னினால் இந்தப் பாடுதான். மாவுச்சத்துதான் இவற்றை இழுக்கிறது. முற்றின மூங்கிலாகப் பார்த்து வெட்டி, வாரக்கணக்கில் ஊறப்போட்டு, போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த நீரில் போட்டு எடுத்தால் நெடுநாள் நிற்கும். பின்னின பிறகு மேலே வார்னிஷ் அடித்து உள்ளே இருக்கிற புழுவை ஒன்றும் செய்ய முடியாது.

சேர்வராயன்_காப்பி
தம்பி, வண்டு மூங்கிலுடையது என்றால் நிம்மதி. ஆனால் இந்தச் சாக்கில் தோட்டத்தையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள், காப்பித் துளைப்பான் பறக்கிற பருவம் இதுதான் (அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மறுபடியும் பறக்கும்). வெயில் படுகிற அராபிகா தண்டுதான் அதற்குப் பிடிக்கும், பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும், நிழல் குறைந்த மூலையிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள். தண்டில் வரப்பு மாதிரி மேடு தெரிந்து, இலை மஞ்சளாகித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் செடியை வேரோடு எடுத்து உடனே எரிக்க வேண்டும். விறகுக்கு ஆகும் என்று அடுக்கி வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது, வெட்டின தண்டிலிருந்தும் வண்டு வெளியே வரும், பக்கத்துத் தோட்டமும் சேர்ந்து போகும். நல்ல செடிகளில் தளர்ந்த பட்டையைத் தேய்த்து எடுத்துவிட்டு, பத்து சதவீதச் சுண்ணாம்புக் கரைசலைத் தண்டிலும் தடித்த கிளையிலும் பூசுங்கள். தேய்க்கும்போது பச்சைப்பட்டை காயப்படக்கூடாது.

மிளகுக்கொடி_ஏற்காடு
எல்லோருக்கும் நன்றி. தட்டியை இறக்கிப் பார்த்தோம், ஓரத்துச் சட்டத்தில் முட்டை வடிவத்தில் ஓட்டைகள், அழுத்தின இடத்தில் உடைந்து மஞ்சள் மாவு கட்டியாக உதிர்ந்தது, உள்ளே காலே இல்லாத வெள்ளைப் புழு ஒன்று. லென்ஸ் வைத்து நெற்றியையும் பார்த்தேன், வரி இல்லை. அப்பாவுக்கும் காட்டினேன், ஒத்துக்கொண்டார். தட்டியை எரித்துவிடவா? நடுவில் இருக்கிற பாய் நன்றாகத்தான் இருக்கிறது. தோட்டத்தில் மேல்பக்க மூலையைப் பார்த்துவிட்டேன், மேடு எதுவும் தெரியவில்லை, மிச்சத்தை நாளை பார்க்கிறேன்.

மூங்கில்பட்டறை
சட்டத்தை மட்டும் எரியுங்கள். பாயில் ஓட்டை இல்லை என்றாலும் நம்ப முடியாது, ஒவ்வொரு பிளாச்சாக (மூங்கில் கீற்றாக) அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இருப்பதை உருவிவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம். இன்னும் கொஞ்ச காலத்துக்கு வண்டு வந்தால் வரும், வீட்டில் தேக்கு, பலா சாமான் இருந்தால் அதைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம், இது பெரும்பாலும் மூங்கிலைத்தான் தேடும்.