வேலை, வீடு, படிப்பு: நேரத்தை எப்படிப் பிடித்தீர்கள்? உங்கள் அனுபவம்

ஜவுளிக்கடை பில்லிங், திருச்சி

வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன். காலை 9:30 முதல் இரவு 8:30 வரை கடை. வீட்டில் இரண்டு பிள்ளைகள். முதல் தடவை கலர் பேனாவெல்லாம் வாங்கி அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். அதிகாலை 4 முதல் 6 வரை வரலாறு, இரவு 10 முதல் 12 வரை கணக்கு. நான்காம் நாளே படுத்துவிட்டது.

எங்கள் கிளை நூலகத்துக்கு நாளிதழ் படிக்க வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்தான் வழி காட்டினார். "செய்யப்போறதை எழுதாதேம்மா. ஒரு வாரம் செஞ்சதை மட்டும் எழுதிட்டு வா" என்றார். 40 பக்க நோட்டில் அரை மணிக்கு ஒரு வரி எழுதினேன். வாரக் கடைசியில் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். பஸ்ஸில் போக வர 70 நிமிடம். செல்போன் ஐந்தைந்து நிமிடமாகச் சேர்ந்து நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். இரவில் படித்ததிலிருந்து அவர் ஐந்து கேள்வி கேட்டார், ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. ஒரு நாள் தூக்கம் கலைந்து காலை ஐந்தேகாலுக்குப் போட்ட கூட்டுவட்டிக் கணக்கு மட்டும் மறக்கவே இல்லை.

அன்றிலிருந்து காலை 45 நிமிடம் கணக்குக்கு. கூட்டமான பஸ்ஸில் புத்தகம் விரிக்க முடியாது. அதனால் கடையில் வீணாகும் பில் தாளின் பின்பக்கத்தில் எதிர்ச்சொல், பிரித்தெழுதுக எல்லாம் பத்துப் பத்தாக எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு கை கம்பியில், ஒரு கையில் தாள். இறங்கும்போது அந்தப் பத்தும் மனப்பாடமாகியிருக்கும். இரவில் புதிதாக எதுவும் தொடுவதில்லை. மூத்தவளின் ஏழாம் வகுப்பு சமூக அறிவியலை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன், எனக்கும் அதுதானே பாடம்.

தேர்வுக் கூடத்திலும் இப்படிக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. 200 கேள்வி, 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 நொடிதான். முதல் மாதிரித் தேர்வில் விடைத்தாள் வட்டங்களைக் கடைசியில் மொத்தமாக ஷேட் செய்யலாம் என்று விட்டுவைத்தேன். அதற்கே 20 நிமிடம் போய், கணக்கில் 11 கேள்வியைத் தொடவே இல்லை. இப்போது தமிழ் 100-க்கு ஒரு மணி நேரம், பொது அறிவு 75-க்கு 55 நிமிடம், கணக்கு 25-க்கு 50 நிமிடம். பக்கம் முடிய முடிய ஷேட் செய்துவிடுகிறேன். சரிபார்க்க 15 நிமிடம் மிஞ்சுகிறது.

தையல்கடை, திண்டுக்கல்

அக்கா, செய்ததை எழுதிப் பார்ப்பது என் தொழிலுக்கும் பொருந்தும். தீபாவளி சமயத்தில் வந்த வரிசைப்படி ஒவ்வொரு பிளவுஸாக வெட்டி, தைத்து, முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். இரவு ஒரு மணியானாலும் தீராது. ஒரு நாள் பழைய கட்டிங் மாஸ்டர் ஒருவர் வந்து பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரு மணி நேரத்துல ஏழு தடவை நூல் மாத்திட்டே தம்பி" என்றார். மேல் நூலைக் கோக்க வேண்டும், அடி நூலுக்குப் பாபின் சுற்றிப் போட வேண்டும், துண்டுத்துணியில் ஓட்டி நூலின் டென்ஷன் பார்க்க வேண்டும். தைக்கிற நேரத்தை அதுதான் தின்றிருக்கிறது.

இப்போது வெளிச்சமுள்ள காலையில் கட்டிங் மட்டும். கருநீலத்தையும் கறுப்பையும் ட்யூப்லைட்டில் வெட்டி, ஒரு பிளவுஸின் கையை இன்னொன்றில் மாற்றி இணைத்த அனுபவம் உண்டு, அதைப் பிரித்துத் தைக்கப் பாதி நாள் போனது. வெட்டியதை நூல் நிறப்படி கட்டு கட்டாக வைப்பேன். சிவப்பெல்லாம் முடிந்த பிறகுதான் பச்சை. கொக்கி, ஹெம்மிங் பக்கத்து வீட்டு அக்காவிடம் போகும். பத்தரை மணிக்குக் கடை சாத்துகிறேன்.

கணக்கு எழுதுபவர், ஈரோடு

என் மாதம் 11, 20 என்ற இரண்டு தேதிகளில் தொங்குகிறது. வியாபாரிகளின் ஜிஎஸ்டி கணக்கில் விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றுக்குள், வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி இருபதுக்குள். பத்தாம் தேதி மாலை மஞ்சப்பையில் மாத பில் மொத்தத்தையும் கொண்டுவந்து கொட்டுபவர்களால்தான் என் இரவுகள் போயின. ஒரு வியாபாரியிடம் மனம்விட்டுச் சொன்னேன்: "அண்ணாச்சி, சனிக்கிழமை தோறும் அந்த வார பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பிடுங்க." அவர் கேட்டுக்கொண்டார். அவரைக் காட்டி மற்றவர்களையும் பழக்கினேன். இப்போது எட்டாம் தேதியே பதிவு முடிந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். அங்கேயும் லேப்டாப்பைத் திறந்து வேலை பார்த்தேன். ஒரு நாள் அப்பா, "மூடி வைடா, கொஞ்ச நேரம் பேசிட்டு இரு" என்றார். அன்று அவர் சின்ன வயதில் தறி ஓட்டிய கதையைச் சொன்னார். அந்த மூன்று நாளும் லேப்டாப் இப்போது வீட்டில்தான்.

ஜவுளிக்கடை பில்லிங், திருச்சி

படித்ததும் கண் கலங்கிவிட்டது அண்ணா. அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வெடுக்கும் பொமோடோரோ முறையைப் பற்றி உள்பெட்டியில் ஒரு தங்கை கேட்டிருந்தார். காலைக் கணக்குக்கு எனக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் மாதிரித் தேர்வுக்கு வேண்டாம்மா. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொல்லிவிட்டு, எழுந்திருக்காமல் மூன்று மணி நேரமும் உட்கார்ந்து எழுதிப் பழகு. இரண்டு மணி நேரம் தாண்டியதும் முதுகு வலிக்கும், கண் வரி தவறும். என் வரிசையில் கணக்கு வருவது அந்த நேரத்தில்தான்.