முன்சக்கரம் வழுக்குவதற்கு முந்தைய நொடி

தம்பி: அண்ணா, ரைட் 5 (Ride 5) என்ற பைக் பந்தய வீடியோ விளையாட்டில் உதவி அமைப்புகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஒரே வளைவில் 7 முறை விழுந்துவிட்டேன். முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியைச் சாய்த்தால், எந்த அறிகுறியும் காட்டாமல் முன்சக்கரம் வழுக்கிவிடுகிறது. நிஜ வண்டியும் இப்படித்தானா?

நான்: விழுவது நிஜம்தான். டயருக்கு உள்ள பிடிமானம் ஓர் அளவுதான். அதையே பிரேக்குக்கும் வளைவுக்கும் பங்கிட்டுத் தர வேண்டியிருப்பதால், வண்டி சாயச் சாய முன் பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டே போக வேண்டும். ஆனால் அறிகுறியே இல்லை என்றாயே, அதுதான் எனக்கும் உள்ள மனக்குறை. பந்தயத் தடத்தில் டயர் எல்லையை நெருங்கும்போது ஹேண்டில்பார் கையில் லேசாகிவிடும். அந்த ஒரு நொடிக்குள் பிரேக்கை விட்டுப் பிழைத்துக்கொள்ளலாம். விளையாட்டு அந்த நொடியைத்தான் நமக்குத் தருவதில்லை.

தங்கை: கார் பந்தயத்துக்கு மட்டும் கையில் எதிர்விசை தரும் ஸ்டீயரிங் கிடைக்கிறதே அண்ணா, பைக்குக்கு ஏன் அது அமையவில்லை?

நான்: காரில் திருப்பிய பக்கம் வண்டி திரும்பும். வேகமாகப் போகும் பைக்கில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடக் கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்ப, வண்டி இடப்பக்கம் சாய்கிறது. கண்ட்ரோலரில் நாம் ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளும்போது, இந்த வேலை முழுவதையும் திரையில் இருக்கும் ஓட்டுநரே செய்துவிடுகிறார். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்வது மட்டுமே நம் பங்கு.

சித்தப்பா: ஜிபி பைக்ஸ் என்ற பைக் விளையாட்டை ஓட்டிப் பார்த்தாயா? அதில் முன் பிரேக், பின் பிரேக், ஓட்டுபவரின் உடல் சாய்வு ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கையாளலாம். முதல் நாள் ஒரு சுற்றைக்கூட விழாமல் முடிக்க முடியவில்லை என்றாலும், விழுந்த ஒவ்வொரு முறையும் தவறு என்னுடையது என்று புரிந்தது.

நான்: சரியாகச் சொன்னீர்கள் சித்தப்பா. வண்டியின் பளபளப்பை விட எனக்கு வேண்டியது அதுதான். ஐல் ஆஃப் மேன் தீவின் சாலைகளில் நடக்கும் டிடி பைக் பந்தயத்தின் 60 கிலோமீட்டர் சாலையை ஒரு விளையாட்டில் முழுதாகக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தச் சாலையின் மேடுபள்ளம் என் உள்ளங்கைக்கும் வந்து சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை. தம்பி, நீ பின் பிரேக்கைத் தனிப் பொத்தானுக்கு மாற்றிவிட்டு, சாய்ப்பதற்கு முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை உள்வாங்கும் குழாய்கள்) அமுங்குகிறதா என்று ரீப்ளேயில் பார்.

தம்பி: ரீப்ளேயை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டேன் அண்ணா. பிரேக்கைப் பாதியில் முழுவதுமாக விட்டிருக்கிறேன். ஃபோர்க் மேலே எழும்பிவிட்டது. வண்டி சாய்ந்த பிறகு பயத்தில் மறுபடி பிடித்திருக்கிறேன். அந்த இடத்தில்தான் 7 முறையும் விழுந்திருக்கிறேன்.