மொட்டை மாடியில் உப்புக்கண்டம்

எங்கள் வீடு மதுரை தெற்குவாசலில். 2020இல் எனக்கு 62 வயது, அவருக்கு 68. பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் சென்னையில், மகன் கோயம்புத்தூரில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரே வேலை. காலை 6 மணிக்குத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போவார். முக்கால் கிலோ கறி, கூடக் கொஞ்சம் நெஞ்செலும்பு. நாலு தெரு தள்ளித்தான் கடை, ஆனால் வீடு திரும்ப 8 மணி ஆகிவிடும். முப்பது வருஷப் பழக்கம். கறி வாங்குவது பத்து நிமிஷம், மிச்ச நேரமெல்லாம் பேச்சு. நானும் அதற்குள் மசாலாவை அரைத்து வைத்துவிடுவேன். அம்மியில் அரைத்தால்தான் அவருக்குக் குழம்பு இறங்கும்.

மார்ச் மாதம் எல்லாம் மாறிப்போனது. தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவு எங்கள் ஊர்ப் பெரியாஸ்பத்திரியில்தான் நடந்தது, மார்ச் 25ஆம் தேதி. அன்று காலை மகள் போனில் அழுதாள். "அப்பாவை வாசப்படி தாண்ட விடாதம்மா." அவருக்குச் சர்க்கரையும் உண்டு, பிரஷரும் உண்டு. அதற்கப்புறம் தெருவில் யார் இருமினாலும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

மே 4ஆம் தேதி மீனாட்சி கல்யாணத்தைச் செல்போனில் பார்த்தோம். சனமில்லாத கோவிலில் பட்டர்கள் மட்டும் நின்று நடத்தினார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வருஷா வருஷம் மாசி வீதியிலோ ஆடி வீதியிலோ கூட்டத்தோடு நின்று தாலிக்கயிறு மாற்றியவள் நான். அந்த வருஷம் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து மாற்றினேன். அவர் செல்லைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார், கை நடுங்கியது. அழகர் ஆற்றில் இறங்கவில்லை. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்று முடியாது.

ஜூலையில் புது உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தக் கடையும் கிடையாது, முழு ஊரடங்கு. ஜூலையில் 4 ஞாயிறு, ஆகஸ்டில் 5 ஞாயிறு. ஊரே சனிக்கிழமை கறிக்கடையிலும் மீன்கடையிலும் போய் முண்டியது. எங்கள் வீட்டில் அதற்கும் வழியில்லை. வெள்ளிக்கிழமை அம்மனுக்கு, சனிக்கிழமை பெருமாளுக்கு. இரண்டு நாளும் நான் கவிச்சியைக் கையால் தொட மாட்டேன். ஃபிரிட்ஜில் வைத்த கறி எங்கள் இருவருக்குமே பிடிக்காது. முதல் ஞாயிறு ரசமும் அப்பளமும் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். அந்த "ஒன்றும் சொல்லாமல்" என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் என் அம்மா போடும் உப்புக்கண்டம் ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை காலையில் பாயின் பேரன் சைக்கிளில் கறியைக் கொண்டுவந்து கேட்டில் மாட்டிவிட்டுப் போவான். எலும்பில்லாத கறி. கொழுப்பை எடுத்துவிட்டு நீளவாக்கில் நறுக்கி, கல்லுப்பு, மஞ்சள், வற்றல் பொடி, இஞ்சி பூண்டு அரைத்துப் பிசிறி ஒரு மணி நேரம் ஊற விடுவேன். அப்புறம் கோணி ஊசியில் சணல் கோத்து, மாலை மாதிரி மொட்டை மாடியில் கட்டிவிடுவோம். மதியத்துக்குள் என் வேலை முடிந்துவிடும். வெள்ளியும் சனியும் காவல் அவர் பொறுப்பு.

அந்தக் காவலைப் பார்த்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் சேர், பழைய குடை, கையில் ஒரு மூங்கில் கம்பு. கறுப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட்டால் காக்காய் வராது என்றார்கள். எங்கள் தெருக் காக்காய் வந்தது. ஆடிக் காற்றில் சணல் அறுந்து ஒரு சரம் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் போய் விழுந்தது. சாயங்காலம் பனிக்கு முன்னால் எடுத்து வந்து கூடை போட்டு மூடி, காலையில் மறுபடி கட்டுவார். நடை போக வழியில்லாமல் கிடந்தவருக்கு அந்த மாடிப்படியே நடையானது.

நான் கீழே வேலையை முடித்துவிட்டு 5 மணிக்குக் காப்பியோடு மேலே போவேன். மேல்காற்று வீசும் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்துகொள்வேன். அங்கிருந்து தெற்குக் கோபுரம் தெரியும். கோவில் பூட்டிக் கிடந்த நாட்கள் அவை. கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டால் சனிக்கிழமை நிறைந்த மாதிரி இருக்கும். அந்த நேரத்தில்தான் அவர் தன் டெப்போ கதைகளைச் சொன்னார். எந்த வருஷம் எந்த வண்டி எந்த மேட்டில் நின்றுபோனது, யார் யார் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ச் சரிசெய்தார்கள் என்று ஒவ்வொன்றாக. அத்தனை வருஷம் அவர் நைட் ஷிப்ட் முடிந்து கிரீஸ் கையோடு வந்து படுத்ததை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன்.

ஜூலைக் கடைசியில் பாய் தெருவில் தகரம் அடித்துவிட்டார்கள். அடுத்த வீட்டில் ஒருவருக்குத் தொற்று. அந்த வியாழக்கிழமை பேரன் வரவில்லை. இவர் ராத்திரி பூராவும் தூங்கவில்லை. போன் போட்டால் பாய் குரல் கம்மியிருந்தது. "ஒண்ணுமில்லண்ணே, பயந்தான்" என்றாராம்.

ஆகஸ்ட் 1ஆம் தேதி, சனிக்கிழமை, பக்ரீத். மாடியிலேயே தொழுகையை முடித்திருக்கிறார்கள். முந்தின நாள்தான் தகரத்தை எடுத்திருந்தார்கள். மதியம் பேரன் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டான்.

"பாட்டி, தாத்தா குர்பானிக் கறி குடுத்து விட்டாரு. இன்னைக்கு உங்களுக்கு ஆகாதாம். உங்க வீட்டுத் தாத்தாவை உப்புக்கண்டம் போடச் சொன்னாரு."

கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியில் காப்பி கூடப் போட்டுப் பழகாத மனிதர் அவர். அன்று வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து, அரிவாள்மனையில் ஒரு மணி நேரம் கறியை நறுக்கினார். நான் நிலைப்படியில் நின்றபடியே சொல்லச் சொல்ல உப்பைப் போட்டார். "போதுமா?" "இன்னும் ஒரு கை." "இப்ப?" "மஞ்சளை மறந்துட்டீங்க." சரம் கோக்கும்போது ஊசி விரலில் ஏறிவிட்டது. அதை என்னிடம் காட்டாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் ஆடி 18. முழு ஊரடங்குதான். புளியோதரையும் தேங்காய்ச் சோறும் கிண்டி மாடியில் வைத்துச் சாப்பிட்டோம். பேத்தி வீடியோ காலில் வந்து, "தாத்தா, அது என்ன தோரணம்?" என்று கேட்டாள். புளியோதரை இரண்டு நாள் தாங்கும். வாழை இலையில் பெரிய பொட்டலமாகக் கட்டி வைத்து, திங்கட்கிழமை காலை பாய் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த உப்புக்கண்டத்தை அடுத்த ஞாயிறு நல்லெண்ணெயில் பொரித்தேன். உப்பு கரித்தது. அவர் போட்டது என்பதால் இருவரும் மோர்சோற்றோடு ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டோம்.

செப்டம்பரில் ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். 6ஆம் தேதி, முதல் ஞாயிறு. மகளுக்குச் சொல்லவில்லை. இரண்டு மாஸ்க்கைப் போட்டு, சானிடைசரைச் சட்டைப் பையில் வைத்து அனுப்பினேன். 6 மணிக்குப் போனவர் 9 மணிக்கு வந்தார். அம்மியில் அரைத்த மசாலா காய்ந்துபோயிருந்தது.

"ஏங்க, மூணு மணி நேரமா அப்படி என்ன பேசினீங்க?"

"ஒண்ணும் பேசல. கூட்டம் போனதும் கடை வாசல்ல தள்ளித் தள்ளி ரெண்டு ஸ்டூல் போட்டாரு. உக்காந்திருந்தோம்."

தூக்குவாளியைத் திறந்தேன். நெஞ்செலும்பு எப்போதும் வருவதைவிட இரண்டு மடங்கு இருந்தது.