எக்ஸ்ரே கண்ணாடி போட்டுப் பார்த்த ஆட்கள் இருந்தால் எழுதுங்கோ

உவர்மலைப் பெடியன்:
நானே தொடங்குகிறேன். பழைய அமெரிக்க காமிக்ஸ் புத்தகங்களில் ஒரு விளம்பரம் வரும், ஒருவர் கண்ணாடி போட்டபடி தன் கையைப் பார்ப்பார், உள்ளே எலும்பு தெரியும், விலை ஒரு டொலர். ஹரோல்ட் வொன் பிரவுன்ஹட் என்பவர்தான் அதை விற்றுப் பெயரெடுத்தவர், தண்ணீரில் போட்டால் உயிர்வரும் 'கடல் குரங்கு' என்ற குட்டி இறால் வகையை விற்றதும் அவர்தான். கப்பலில் வேலை செய்த எங்கள் மாமா ஒருமுறை வரும்போது அந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். முற்றத்தில் நின்று வானத்துக்கு நேரே விரலைப் பிடித்துப் பார்த்தேன், சத்தியமாக நடுவில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது! பென்சிலைப் பிடித்தால் அதற்குள்ளும் கரி தெரிகிற மாதிரி. ஒழுங்கை முழுக்கப் பெடியள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

அப்புறம் பென்சிலுக்குப் பதிலாக ஈர்க்குக் குச்சியைப் பிடித்தேன், அதற்குள்ளும் 'எலும்பு'. அதோடு சந்தேகம் வந்து, வில்லையைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு மட்டைத் துண்டு, நடுவில் சின்னத் துளை, மட்டைகளுக்கு இடையில் ஒட்டியிருந்தது ஒரு பறவை இறகுத் துண்டு. இவ்வளவுதான் சாமான். இறகின் இழைகள் மிக நெருக்கமாக இருப்பதால் அதற்குள்ளால் வரும் வெளிச்சம் வளைந்து பிரிந்து, ஒரே பொருள் கொஞ்சம் விலகி இரண்டாகத் தெரிகிறது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும் நடுப்பகுதி கறுப்பு, ஓரம் வெளிறல். எனக்கு அது ஏமாற்றமாகவே படவில்லை, ஒரு இறகு இதைச் செய்யுமா என்ற ஆச்சரியம்தான் இன்றுவரை இருக்கிறது.

படமெடுக்கும் அண்ணை:
தம்பி, நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். நீங்கள் கறுப்பு எலும்பு என்று எழுதியதைப் பார்த்ததும் சந்தோஷம், ஏனென்றால் நாங்கள் எடுக்கும் படத்தில் எலும்பு வெள்ளை. எலும்பிலுள்ள கல்சியம் கதிரைப் பிடித்துக்கொள்ளும், மற்ற இடத்தால் போன கதிர் பின்னாலுள்ள படத்தட்டைக் கறுப்பாக்கும். ஆனால் 1895 டிசம்பரில் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரொன்ட்ஜன் தன் மனைவியின் கையை எடுத்த படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள், எலும்பும் மோதிரமும் கறுப்பாகவே இருக்கும். தட்டிலிருந்து காகிதத்தில் அச்சிட்டபோது நிறம் மாறிவிட்டது. பிற்காலத்தில் பொம்மைக் கண்ணாடி காட்டிய எலும்பும் அதே கறுப்பு!

காமிக்ஸ் நாயகன் சுப்பர்மேனின் எக்ஸ்ரே பார்வை பற்றி வேலையிடத்தில் சின்னப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள். கண்ணிலிருந்து கதிர் போனால் மட்டும் காணாது, அது ஆளைத் துளைத்து மற்றப் பக்கம் போய்விடும், அங்கே பிடிக்க ஒரு தட்டு வேண்டும். அதனால்தான் நாங்கள் கதிர் வரும் குழாயை முன்னாலும் தட்டைப் பின்னாலும் வைக்கிறோம். ஈயத்துக்குள்ளால் சுப்பர்மேனால் பார்க்க முடியாது என்று கதையில் எழுதினார்களே, அது நியாயமான கணக்கு. நாங்கள் போடும் மேலங்கியும் ஈயம்தான், பாரம் தெரியுமா!

நிலாவெளி அக்கா:
எல்லோரும் எலும்பைப் பற்றியே கதைக்கிறீர்கள். அந்த விளம்பரங்களில் பாதி உடுப்புக்குள்ளால் பார்க்கலாம் என்ற ஆசையைத்தானே விற்றது? கோயில் திருவிழாவில் கச்சான் கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெடியன் அப்படி ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றான், நாங்கள் நாலைந்து பெண் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் தேரடியைச் சுற்றிப் போனோம். கையிலிருந்த அர்ச்சனைத் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தது எனக்கு இன்னும் ஞாபகம். ஒன்றும் தெரியாது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். 1978இல் வந்த சுப்பர்மேன் படத்திலும் நாயகி லோயிஸ் தன் உள்ளாடை நிறம் கேட்க சுப்பர்மேன் பதில் சொல்வார், எனக்கு அந்த இடம் பிடிக்காது. 1963இல் ரோஜர் கோர்மன் எடுத்த படம்தான் இதைச் சரியாக யோசித்தது. அதில் ஒரு டொக்டர் கண்ணில் மருந்து விடுவார், முதலில் விருந்தில் உடுப்புக்குள்ளால் தெரியும், பிறகு பார்ப்பதை நிறுத்தவே முடியாது, இமையை மூடினாலும் இமைக்குள்ளால் தெரியும். அந்த ஆளின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

உவர்மலைப் பெடியன்:
அக்கா, நீங்கள் சொன்ன பக்கத்தை நான் யோசித்ததே இல்லை, எழுதியதற்கு நன்றி. பிள்ளைகளுக்குச் செய்து காட்ட விரும்புகிறவர்களுக்கு: கண்ணாடி வாங்கத் தேவையில்லை. புறா இறகு ஒன்றை எடுத்துக் கழுவிக் காயவைத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு தூரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள், விளக்கைச் சுற்றி நிறநிறமாகப் பல விளக்குகள் தெரியும். ஸ்கொட்லாந்துக் கணித அறிஞர் ஜேம்ஸ் கிரெகரி 1673இலேயே இறகை வைத்து இதைக் கண்டு எழுதியிருக்கிறார். சூரியனை மட்டும் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.