12 போர் துவக்கின் பிடங்கு பிளந்துவிட்டது: குறைந்த செலவில் எதை மாற்றலாம்?

வயற்காவல் (தம்பலகாமம்)
வணக்கம். பயிர்ப் பாதுகாப்புக்காக அனுமதிப்பத்திரத்துடன் எங்கள் வீட்டில் இருக்கும் 12 போர் (குழல் அளவு) துவக்கின் மரப் பிடங்கு, அதாவது தோளில் அணைக்கும் பின்பகுதி, பிளந்துவிட்டது. பெரும்போக நெல் குடலைப் பருவத்துக்கு வந்துவிட்ட நேரத்தில் இரவில் பன்றிகள் வரம்பைக் கிளறி உள்ளே இறங்குவதால், இதை விரைவாகச் சரிசெய்ய வேண்டும். இணையத்தில் கறுப்பு நிறச் செயற்கைப் பிடங்குகள் மலிவாக இருக்கின்றன. எதை வாங்கலாம் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரையோரம் (கிண்ணியா)
தம்பி, இன்னும் சில விவரங்கள் தேவை. துவக்கு ஒற்றைக்குழலா, இரட்டைக்குழலா? எந்த நாட்டுத் தயாரிப்பு? வெடிப்பு கை பிடிக்கும் ஒடுங்கிய கழுத்தில் இருக்கிறதா, தோளில் படும் அடிப்பக்கத்தில் இருக்கிறதா? பிடங்கைப் பிடித்திருப்பது பின்புறமிருந்து ஊடே செல்லும் நீண்ட போல்டா, மேலும் கீழும் பூட்டிய திருகாணிகளா? இவை தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

ஓடாவி மகன் (மூதூர்)
செயற்கைப் பிடங்கை விடுங்கள். இடிக்கப்பட்ட பழைய வீடு ஒன்றின் கூரையில் இருந்த முதிரை மர வளையைத் தேடி வாங்கி, அதில் கடைந்து எடுங்கள். பல ஆண்டுகள் கூரைக்குக் கீழ் காய்ந்த அந்த மரம் இனிச் சுருங்காது. மரக்காலையில் புதிதாக அறுத்த பலகையை வாங்கினால், ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்ற கணக்கில் காயவிட வேண்டும். பிடங்குக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் தடிப்பு வேண்டும் என்பதால் உங்கள் அவசரத்துக்கு அது உதவாது.

கோணமலையான் (திருகோணமலை நகர்)
இந்தக் கேள்விக்கு நான் முன்னரே விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் இருந்தால் இந்த இழைக்கே தேவை இருந்திருக்காது. துவக்குப் பிடங்கு மண்வெட்டிப் பிடி அல்ல, கண்ட கடையில் ஒன்றை வாங்கிச் செருகுவதற்கு. இணையத்தில் நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் 1962இல் வெளிவந்த ரெமிங்டன் 700 போன்ற, கைப்பூட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ரைபிள்களுக்கானவை. அவற்றில் சிறு விலங்குகளைத் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் வகைகளில் குழல் தடித்தது; சூடேறும்போதும் மரம் உப்பும்போதும் குறி மாறாமலிருக்க, அந்தக் குழல் பிடங்கைத் தொடாதபடி இடைவெளி விடுவார்கள். நடுவில் மடித்துத் திறக்கும் ஷொட்கன்னின் (12 போர் போன்ற சன்னத் துவக்கின்) அமைப்பே வேறு. அடிப்படை தெரியாமல் விலையைக் கேட்பதில் பயனில்லை.

கச்சான் காற்று (குச்சவெளி)
கோணமலையான் ஐயா சொன்ன விஷயம் சரி. சொன்ன விதம் கேட்டவரை விரட்டும். மடித்துத் திறக்கும் ஒற்றைக்குழல்களிலும் ரஷ்யத் தயாரிப்பான பைக்கால், அமெரிக்கத் தயாரிப்பான எச் அண்ட் ஆர் போன்றவற்றின் பிடங்கை ஊடே செல்லும் போல்டே பிடிக்கிறது. அவற்றில் சில மாதிரிகளுக்குச் செயற்கைப் பிடங்கு கிடைக்கிறது. நம் பகுதிக்கு அதுவே ஏற்றது. மாரியில் நீரை உறிஞ்சி உப்பும் மரம், வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தில்தான் போல்ட் தளர்கிறது.

ஓடாவி மகன் (மூதூர்)
செயற்கைப் பிடங்கு எடை குறைந்தது. அந்த அளவுக்குத் தோளில் உதை கூடும். முதிரையின் பாரம் உதையைத் தாங்கிக்கொள்ளும்.

கச்சான் காற்று (குச்சவெளி)
பாரம் முழுவதும் பின்பக்கம் சேர்ந்தால் குழலின் முனை மேலெழும். காவல் பரணிலிருந்து இருட்டில் இறங்குபவருக்கு அது பெரும் இடைஞ்சல். உதைக்கு மருந்து அடிப்பக்கத்தில் வைக்கும் நல்ல இறப்பர் மெத்தை. அதற்காக முதிரையைச் சுமக்க வேண்டியதில்லை. முதிரையின் இழை ஒன்றுக்கொன்று பின்னி ஓடுவதால், கடையும்போதும் பிசிறு எழும்.

ஓடாவி மகன் (மூதூர்)
கூரிய உளியைக் கையாளத் தெரிந்தவருக்குப் பிசிறு எழாது. தேக்கில் செய்யச் சொல்லியிருந்தால் நீங்கள் ஆட்சேபிப்பது நியாயம். தேக்கு எளிதில் பிளக்கும், அதன் எண்ணெய்த் தன்மையால் ஒட்டுப்பசையும் நன்றாகப் பிடிக்காது.

கரையோரம் (கிண்ணியா)
கேட்டவர் இன்னும் வாய் திறக்கவில்லையே. அவருடைய பதில் வந்த பின் மரத்தைப் பற்றிப் பேசுவோம், நானாமாரே.

வயற்காவல் (தம்பலகாமம்)
ஒற்றைக்குழல். கழுத்தில், உலோகம் மரத்தைச் சந்திக்கும் இடத்திலிருந்து மூன்று விரல் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. தோளில் படும் அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தேன்; உள்ளே நீண்ட போல்ட் இருக்கிறது, அது கையாலேயே சுழல்கிறது. வெடிப்பின் உட்பக்கம் கறுத்திருக்கிறது.

கரையோரம் (கிண்ணியா)
இப்போது விளங்குகிறது. போல்ட் தளர்ந்ததும் உலோகத்துக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி உண்டாகி, ஒவ்வொரு முறை சுடும்போதும் மரத்துக்குள் நீளும் உலோகத்தின் பின்வால் ஆப்பு அறைந்தது போலக் கழுத்துக்குள் இறங்கியிருக்கிறது. கறுப்பு நிறம் எண்ணெய். துவக்கைக் குழல் மேல்நோக்கியபடி மூலையில் சாத்தி வைத்தால், துடைக்கப் பூசும் எண்ணெய் வழிந்து பிடங்கின் தலைப்பில் ஊறி மரத்தை மென்மையாக்கும். இனிக் குழலைக் கீழ்நோக்கி வையுங்கள்.

கழுத்து இரண்டாக முறியவில்லை என்பதால் இப்போதைக்குப் புதிய பிடங்கு வாங்கத் தேவையில்லை. மரத்தை மட்டும் தனியே கழற்றி, எண்ணெய் வெளியேறும்வரை அசிட்டோனில் நனைத்த துணியால் திரும்பத் திரும்பத் துடைத்துக் காயவிட வேண்டும். இதைச் செய்யாமல் பூசும் எந்த ஒட்டும் நிற்காது. பிறகு வெடிப்பை மெல்ல விரித்து, மெதுவாக இறுகும் எப்பொக்சி ஒட்டை அடிவரை செலுத்தி, சைக்கிள் டியூப்பை இறுக்கிச் சுற்றி ஒரு நாள் முழுவதும் விடுங்கள். போல்ட் செல்லும் துளைக்குள் ஒட்டு வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் பூட்டும் முன் செய்யவேண்டிய ஒரு வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உலோகத்தின் பின்முகத்தில் மண்ணெண்ணெய் விளக்குக் கரியைப் பூசி, மரத்தோடு அழுத்தி எடுத்துப் பாருங்கள். கரி இருபக்கமும் சமமாகப் படிந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் படிந்தால் அந்த இடத்தைச் சிறிது சிறிதாகச் செதுக்குங்கள். பின்வாலின் முனைக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர் அளவு இடைவெளி இருக்கட்டும். அது இல்லாவிட்டால் அதே வெடிப்பு மறுபடி திறக்கும்.

புதிதாகச் செய்விப்பதானால் முதிரையோ வேறு மரமோ, கழுத்தில் இழை நேராக நீளவாட்டில் ஓடுகிறதா என்பதையே முதலில் பாருங்கள். விசையிலிருந்து அடிப்பக்கத்தின் நடுவரை உள்ள நீளம், வளர்ந்த ஆண்களுக்குப் பெரும்பாலும் 14 அங்குலத்தை ஒட்டி வரும்.

கோணமலையான் (திருகோணமலை நகர்)
கரையோரம் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், இதையாவது கவனமாகப் படியுங்கள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் உங்கள் அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. அது உங்களுக்குத் தரப்பட்டது, தச்சருக்கு அல்ல. ஆகவே முழுத் துவக்கையும் தச்சுப் பட்டறையில் விட்டுவிட்டு வரக்கூடாது. உலோகத்தில் கைவைக்கும் வேலையை அனுமதி பெற்ற திருத்துநரிடமே கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து பிடங்கு வரவழைப்பதானால், பணம் கட்டும் முன் அனுமதி தேவையா என்று பொலிஸிலும் சுங்கத்திலும் கேளுங்கள்.

கச்சான் காற்று (குச்சவெளி)
எந்த நாட்டுத் தயாரிப்பு என்று இன்னும் சொல்லவில்லையே, தம்பி? தெரிந்தால் அதற்குப் பொருந்தும் செயற்கைப் பிடங்கு உண்டா என்று பார்த்துச் சொல்வேன்.

வயற்காவல் (தம்பலகாமம்)
அனைவருக்கும் நன்றி. அனுமதி பெற்ற திருத்துநர் ஒருவர் வெடிப்பை ஒட்டி, போல்டுக்கு அடியில் வில் வாஷர் ஒன்றும் போட்டுத் தந்தார். கரி பூசிப் பார்த்ததில் இடப்பக்கம் மட்டுமே பட்டிருந்தது, அதையும் சரிசெய்தார். இப்போது பிடங்கு அசையவில்லை. அறுவடை முடிந்ததும் முதிரையில் புதிது செய்விக்க நினைக்கிறேன்.

ஓடாவி மகன் (மூதூர்)
வளை வாங்கும்போது ஆணித் துளை இல்லாத துண்டாகப் பார்த்து எடுங்கள், தம்பி. பழைய பிடங்கை எறிந்துவிட வேண்டாம். அளவெடுக்க அதுவே வேண்டும்.