சாரல் காலத்தில் வயர்லெஸ் சார்ஜர் வாங்குவது தகுமா?

கேள்வி (செங்கோட்டை):
வேலை நிமித்தம் ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு இருசக்கர வாகனத்தில் அடிக்கடி சென்று வருகிறேன். சாரல் காலத்தில் கைப்பேசியின் சார்ஜர் துளைக்குள் ஈரம் புகுந்துவிடுவதால், கேபிளைச் செருகியவுடன் எச்சரிக்கை தோன்றுகிறது. வயர்லெஸ் சார்ஜருக்குச் செலவிடலாமா, கேபிளே போதுமா? அன்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (புளியரை):
உங்கள் சூழலுக்கு வயர்லெஸ் சார்ஜர் மெய்யாகவே உதவும், ஐயா. சார்ஜர் தட்டிலுள்ள கம்பிச்சுருள் உண்டாக்கும் மாறும் காந்தப்புலம், கைப்பேசியின் பின்புறச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுவதால், துளை காயும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு வைத்தால் போதும். உங்கள் மாடலில் அந்த வசதி உண்டா என்று முதலில் பாருங்கள். விலை குறைந்த பலவற்றில் இருப்பதில்லை.

மறுமொழி (தென்காசி):
நான் கேபிளையே பரிந்துரைப்பேன். சுருள்கள் சற்று விலகினாலும் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. அந்த வெப்பம் லித்தியம் அயனி பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. மின்தடை நேரத்தில் பவர் பேங்கை நம்பியிருப்பவருக்கு இந்த இழப்பு சிறிதன்று.

மறுமொழி (புனலூரில் பணிபுரியும் தமிழர்):
விலகும் குறையைத் தீர்க்கவே 2023இல் வெளியான க்யூஐ2 (Qi2) என்ற வயர்லெஸ் சார்ஜிங் தரத்தில் காந்த வளையம் சேர்க்கப்பட்டு, 15 வாட் வரை ஆற்றல் கிடைக்கிறது. உங்கள் கைப்பேசி அதை ஏற்குமானால் இரவில் பயன்படுத்த வாங்கலாம். அவசரத்திற்குக் கேபிளே விரைவானது. நனைந்த கைப்பேசியை அரிசிக்குள் மட்டும் புதைக்காதீர்கள். அரிசியின் நுண்துகள்கள் கைப்பேசியைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது.