1968 ஜாவா 250க்கு ஒரிஜினல் பார்ட்ஸ் எங்க தேடுறது?

வைகைக்கரை:
வணக்கம் அண்ணன்களா. அப்பாவோட 1968 ஜாவா 250, மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி வண்டி, அப்பா போனதுக்கப்புறம் பதினெட்டு வருஷமா மாட்டுக்கொட்டாய்ல தார்ப்பாய் மூடியே கெடந்துச்சு. போன மாசம்தான் வெளிய எடுத்தேன். சைடு பாக்ஸ திறந்தா அப்பா கை தொடைக்கிற பனியன் துணி மடிச்சு வச்சபடியே இருக்கு, அதுக்குள்ள அந்த ஆணி மாதிரி சாவி. அதப் பாத்ததும் எப்படியாவது ஓட்டிரணும்னு முடிவு பண்ணிட்டேன்.

பிரச்சனை என்னன்னா அப்பா இருக்கும்போதே ஒரு மெக்கானிக் வண்டியோட வந்த ஜிகோவ் கம்பெனி கார்புரேட்டர் தேறாதுன்னு கழட்டிட்டு வேற ஏதோ மாட்டிவிட்டிருக்காரு. ஸ்பீடோமீட்டர் கண்ணாடி உடைஞ்சு முள்ளு துருப்பிடிச்சிருச்சு. பிஸ்டன் ஒரிஜினல்னு சொல்லி ஒரு கடையில குடுத்தாங்க, கவர்லயும் அப்படித்தான் போட்டிருந்துச்சு, போர் பண்ணி மாட்டி அறுபது கிலோமீட்டர் கூட ஓடல, ஜாம். கை ஒடிஞ்ச மாதிரி ஆகிப்போச்சு. உண்மையான சாமான் எங்கயாவது கிடைக்குமா?

டூ ஸ்ட்ரோக் சேலம்:
தம்பி, அடுத்த பிஸ்டன் வாங்குறதுக்கு முன்னாடி கிராங்க் ஷாஃப்ட் ரெண்டு பக்கமும் இருக்குற ரப்பர் ஆயில் சீல பாருங்க. இத்தன வருஷம் நின்ன வண்டியில ரப்பர் கல்லு மாதிரி ஆயிருக்கும். வலது பக்கம் டைனமோ சைடு சீல் போச்சுன்னா காத்து இழுக்கும், பெட்ரோல் கலவை கம்மியாகி சூடு ஏறி பிஸ்டன் பிடிக்கும். இடது பக்கம் போச்சுன்னா கியர் ஆயில உறிஞ்சி வெள்ளப் புகையா தள்ளும். பிஸ்டன் மட்டமாவே இருந்திருக்கலாம், ஆனா சீல மாத்தாம நல்ல பிஸ்டன் போட்டாலும் இதே கதைதான்.

இந்த சீல், பேரிங்குக்கெல்லாம் ஜாவா பேர் போட்ட டப்பா தேடி அலையாதீங்க. பழைய பேரிங்ல நம்பர் அடிச்சிருக்கும், சீலுக்கு உள் அளவு வெளி அளவு அகலம் மூணும் மில்லிமீட்டர்ல எடுத்துட்டு நல்ல பேரிங் கடைக்குப் போங்க. கிளட்ச் பிளேட்டுல கார்க் தேஞ்சிருந்தா அதே பிளேட்டுல புது கார்க் அடிச்சு வாங்கிக்கலாம், பிளேட்ட மட்டும் தூக்கிப் போட்டுறாதீங்க.

புதுப்பேட்டை வாசி:
சேலம் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. கிடைக்காதது அந்த ஜாவாவுக்குன்னே செஞ்ச ஐட்டம்தான், கார்புரேட்டர், மீட்டர், டேங்க், ஹெட்லைட் கூடு, கிக்கராவும் கியராவும் வேலை செய்யுற அந்த ஒரே லிவர். இதுல எதையும் மெக்கானிக் கையில குடுத்துட்டு வந்துறாதீங்க. தேஞ்சதா இருந்தாலும் வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க, ஏன்னா உள்ள இருக்குற பல்லு வரிசைய, அதான் ஸ்ப்ளைன, லேத்துல போட்டு மறுபடி செய்யலாம், காயலாங்கடைக்குப் போனா தராசுல எடை போட்டு உருக்கிருவான், அப்புறம் அழுதாலும் வராது.

நான் சென்னை புதுப்பேட்டை பழைய வண்டி சாமான் கடைங்கள்ல வருஷக்கணக்கா சுத்துறேன். ஜாவாவுக்கு அப்புறம் அதே மைசூர் கம்பெனி விட்ட பழைய எஸ்டி 250 சாமான்ல நிறைய உங்க எஞ்சினுக்கு சேரும், எஸ்டிலயே ரோட்கிங் மாடல் சாமான நம்பி வாங்காதீங்க, பழைய பீஸ கையில வச்சு ஒப்பிட்டுப் பாத்துத்தான் காசு குடுக்கணும். எஞ்சின் கேஸ் பாதி மட்டும் யாராவது மலிவா குடுத்தா வாங்கவே வாங்காதீங்க, ரெண்டு பாதியும் சேர்த்து வச்சு கடைஞ்சது, வேற ஜோடி போட்டா கிராங்க் நேரா நிக்காது. ஜாவா பொறந்த செக் நாட்டுல உங்க வண்டியோட மூலமான 353 மாடலுக்கு இன்னும் புதுசா சாமான் செய்யுறாங்க, ஆனா மைசூர் வண்டியில சில மாத்தம் உண்டு, போட்டோவும் அளவும் அனுப்பி கேட்டுட்டு ஆர்டர் போடுங்க.

கொங்கு ரைடர்:
நான் கொஞ்சம் மாறுபடுறேன். எங்கிட்ட இருக்குற எஸ்டி தினமும் கடைக்குப் போற வண்டி, 12 வோல்ட் ஆக்கிட்டேன், கார்புரேட்டர் வேற, நிம்மதியா ஓடுது. 6 வோல்ட் டைனமோவோட ராத்திரி லைட்டுல மலப்பாதை இறங்குனவனுக்குத்தான் தெரியும் கஷ்டம். ஓடாத ஒரிஜினல விட ஓடுற வண்டி மேல்.

புதுப்பேட்டை வாசி:
தினமும் ஓட்டுறதுக்கு நீங்க சொல்றது சரிதான். ஆனா தம்பி வண்டி அம்பது வருஷம் தாண்டியாச்சு, 2021ல வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு கேக்கலாம், அதுக்கு சேசிஸ், எஞ்சின் எல்லாம் பெரிசா மாத்தாம பழைய ரூபத்துலயே இருக்கணும். ஆனா அந்தப் பதிவு எடுத்தா தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ரேலி மாதிரிக்குத்தான். அதனால எப்படி ஓட்டப் போறோம்னு முதல்ல முடிவு பண்ணிட்டு கை வைங்க. எதை மாத்துனாலும் பழச துணியில சுத்தி பேர் எழுதி வைங்க.

வைகைக்கரை:
அண்ணன்களுக்கு ரொம்ப நன்றி. இதப் படிச்சிட்டு நேத்து கார்புரேட்டர கழட்டுன அந்த மெக்கானிக்கோட பழைய ஷெட்டுக்கே போனேன். அவரு இப்ப இல்ல, மகன்தான் இருக்காரு, பின்னாடி ரெண்டு சாக்கு கெடக்கு வேணும்னா பாத்துக்கங்கன்னாரு. ரெண்டு மணி நேரம் கொட்டிப் பாத்தேன். ரெண்டாவது சாக்கு அடியில கார்புரேட்டர் கெடச்சிருச்சு! வாய் முழுக்க குளவி மண்ணு அடைச்சிருந்துச்சு, மண்ணெண்ணெய்ல ஊறவச்சு பிரஷ் போட்டதும் ஜிகோவ்னு எழுத்து தெரிஞ்சது, எனக்கு கண்ணு கலங்கிருச்சு. ஸ்லைடு இருக்கு, ஊசி இருக்கு, பெட்ரோல் மட்டத்த பாத்துக்குற மிதவை, அந்த ஃப்ளோட் மட்டும் இல்ல. யார்கிட்டயாவது ஓட்டையாவாவது ஒரு ஃப்ளோட் இருக்கா? ஈயம் பத்த வச்சு சரி பண்ணிக்கிறேன், கேக்குற காசு தர்றேன்.